ஒப்பரேசன் செய்த முழங்காலோடு எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உதைபந்தாட்டத்தில் வலது முழங்கால் திருகுப்பட்டு, ஏ.சி.எல். என்கிற முன் சிலுவைச் சவ்வு அறுந்துவிட்டது. ஒப்பரேசன் முடிந்து 5 கிழமை. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாரை எடுத்துப் புதுச் சவ்வாக வைத்திருக்கிறார்கள். கிழிந்திருந்த மெனிஸ்கசையும், அதாவது முழங்காலுக்குள் மெத்தை போல இருக்கிற குருத்தெலும்பையும், தைத்திருக்கிறார்கள். வேலை ஒரு லீசிங் கம்பனியில். வீடு சுன்னாகத்தில், கந்தோர் யாழ்ப்பாணம் ரவுணில், இன்றைக்கு வடமராட்சி நாளைக்குத் தீவகம் என்று மோட்டார்ச் சைக்கிளில்தான் ஓட்டம். வலி போய்விட்டது, ஊன்றுகோலும் இல்லாமல் நடக்கிறீர்கள். வருகிற திங்களே வேலைக்கு வரச் சொல்லி மனேஜர் கேட்கிறார். அம்மாவோ மூன்று மாதத்துக்குக் காலை நிலத்தில் வைக்கவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுக்க வேண்டாம். கந்தோருக்குப் போகலாம், அதுவும் முதலில் அரைநாள். மோட்டார்ச் சைக்கிளில் ஏறக்கூடாது, ஓடவும் கூடாது, பின்னால் இருந்து போகவும் கூடாது. நான் பல வருடமாக இயன்மருத்துவத்தில், அதாவது பிசியோதெரபியில், இருப்பவன். உங்களைப் போல விளையாட்டில் காலை முறித்துக்கொண்டு வருகிற பெடியள்தான் எங்களிடம் அதிகம். அவர்களில் ஒப்பரேசன் பிழையாகிப்போய்க் கஷ்டப்பட்டவர்கள் குறைவு. கால் நன்றாக இருக்கிறது என்று நம்பி அவசரப்பட்டதால் கஷ்டப்பட்டவர்கள் கூட. அதனால்தான் ஏன், எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன்.

முழங்காலுக்குள் வைத்த தசைநார் வைத்த அன்றைக்கே சவ்வாகிவிடுவதில்லை. எடுத்த இடத்திலேயே அதன் இரத்த ஓட்டம் நின்றுவிட்டது. உள்ளே வைத்த பிறகு அதிலிருந்த பழைய உயிரணுக்கள் பெரும்பாலும் செத்துப்போகும். பிறகு புதிய இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்ல உள்ளே போய், புதிய உயிரணுக்கள் குடியேறி, பழைய நார்களைக் கரைத்துக் கரைத்துப் புதிதாகப் பின்னும். நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி நட்ட மிளகாய்க் கன்றைப் பார்த்திருப்பீர்கள். நட்ட கையோடு நிமிர்ந்துதான் நிற்கும், பிறகு வாடிச் சாய்ந்து, அதற்குப் பிறகுதான் வேர்பிடித்துத் தளிர்க்கும். இந்தத் தசைநாரும் அந்த வழியால்தான் போகும். ஒப்பரேசன் மேசையில் இருந்தபோது அதற்கிருந்த பலம் இரண்டாம் மாதத்தில் இருக்காது. ஏறக்குறைய 6ஆம் கிழமையிலிருந்து 12ஆம் கிழமை வரைதான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். எலும்பில் துளைத்த குழிக்குள் தசைநார் நன்றாக ஒட்டிப் பிடிக்கவும் 8 முதல் 12 கிழமை வேண்டும். முழுதாக முதிர ஒரு வருடத்துக்கு மேலே போகும்.

இப்போது உங்கள் நாட்காட்டியைப் பாருங்கள். வலி போய், வீக்கம் வற்றி, "இனி எனக்கு ஒன்றுமில்லை" என்று மனம் சொல்லத் தொடங்குவது 5ஆம், 6ஆம் கிழமையில். உள்ளே சவ்வு மெலிந்துபோகிற காலமும் அதே காலம்தான். புதுச் சவ்வுக்கு வலியைச் சொல்ல இன்னும் நரம்பு ஒழுங்காக வளரவில்லை. அது இழுபட்டாலும் உங்களுக்குச் சொல்லாது. அதனால் "நோகவில்லை, ஆகவே வேலைக்குப் போகலாம்" என்கிற கணக்கு இந்த ஒப்பரேசனுக்குச் சரிவராது.

அப்படியென்றால் எதைப் பார்த்து முடிவெடுப்பது? மூன்றைப் பார்க்கச் சொல்வேன்: வீக்கம், நிமிர்வு, தொடைத் தசை.

வீக்கத்தைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கட்டிலில் காலை நீட்டித் தளர்வாக வைத்துக்கொண்டு, முழங்கால் சில்லின் உட்பக்கத்தை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று தரம் தடவிவிடுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் தெரியும். பிறகு சில்லின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருதரம் தடவுங்கள், கண் உட்பக்கத்துப் பள்ளத்திலேயே இருக்கட்டும். அந்தப் பள்ளம் மெல்ல உப்பி வந்தால் மூட்டுக்குள் இன்னும் நீர் நிற்கிறது. தடவாமலே பள்ளம் நிறைந்து கிடந்தால் நீர் கூட. காலையில் எழும்பியதும் ஒருதரம், வேலை முடிந்து வந்ததும் ஒருதரம் பாருங்கள். பின்னேரம் கொஞ்சம் கூடி, அடுத்த நாள் விடிய வற்றிவிட்டால் பரவாயில்லை. விடிந்தும் வற்றாமல் இருந்தால் முதல்நாள் செய்தது அந்த முழங்காலுக்குக் கூடிப்போய்விட்டது, அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தடவிப் பார்ப்பது பிடிபடாவிட்டால், தையற்காரர் பாவிக்கிற அளவு நாடாவால் சில்லின் நடுவைச் சுற்றி அளந்து எழுதி வைத்தாலும் போதும். இந்த நீர் ஒன்றும் சும்மா நிற்பதில்லை. மூட்டுக்குள் நீர் நின்றால் தொடையின் முன்தசை வேலைசெய்ய மறுக்கும். எவ்வளவு பயிற்சி செய்தும் தொடை மெலிந்துகொண்டே போகிறது என்று சொல்பவர்களின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தால் பலருக்கு அங்கே நீர்தான் இருக்கும்.

நிமிர்வு என்பது முழங்கால் முழுதாக நேராவது. எல்லாரும் மடக்குவதைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். மடக்கம் பிந்தி வந்தாலும் வரும். நிமிர்வு முதல் சில கிழமைக்குள் வராவிட்டால் பிறகு வரவைப்பது பெரும்பாடு. சில நேரம் மூட்டின் முன்பக்கத்தில் தழும்புத் திசு திரண்டு கதவைத் தடுப்பது போல நின்றுவிடும். அதை எடுக்க இன்னொரு ஒப்பரேசன் கூடத் தேவைப்படலாம். வீட்டில் பார்ப்பதற்கு, கட்டிலில் குப்புறப் படுத்து, சில்லுகள் இரண்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே இருக்கக் கால்களைத் தளர விடுங்கள். பின்னால் நின்று யாராவது குதிக்கால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒப்பரேசன் செய்த காலின் குதி உயர்ந்து நின்றால் நிமிர்வு போதாது. படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அதைச் செய்யாதீர்கள். தலையணையைக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள்.

தொடைத் தசைக்கு: காலை நேராக நீட்டித் தொடையை இறுக்குங்கள், சில்லு மேல்நோக்கி நகர வேண்டும். அப்படியே முழுக்காலையும் தூக்குங்கள். தூக்கும்போது முழங்கால் கொஞ்சம்கூட மடங்காமல் பத்துத் தரம் தூக்க முடிகிறதா? முடியாவிட்டால் நீங்கள் ஊன்றுகோலை விட்டதே முந்திவிட்டது. நொண்டி நொண்டி ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதைவிட ஒற்றை ஊன்றுகோலோடு நேராக நடப்பது நல்லது. ஊன்றுகோல் எப்போதும் மற்றக் கையில், உங்களுக்கு இடக்கையில்.

மெனிஸ்கஸ் தைத்த விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே நாளில் ஏ.சி.எல். ஒப்பரேசன் செய்திருக்கலாம், ஒருவருக்கு மெனிஸ்கசின் கிழிந்த துண்டை வெட்டி எடுத்திருப்பார்கள், மற்றவருக்குத் தைத்திருப்பார்கள். வெட்டி எடுத்தவர் கெதியாக நடக்கலாம். தைத்தவருக்கு முதல் 4 முதல் 6 கிழமை வரை பாரம் வைப்பதிலும், 90 பாகைக்கு மேல் மடக்குவதிலும் கட்டுப்பாடு இருக்கும். பாரத்தோடு ஆழமாகக் குந்துவது ஏறக்குறைய 4 மாதத்துக்கு இல்லை. கூட விளையாடிய நண்பன் மூன்றாம் கிழமையே ஓடித்திரிந்தான் என்று சொல்லி உங்களை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். டிக்கெட் வெட்டி வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் எது செய்தது என்று எழுதியிருக்கும். அதை எடுத்துப் பார்த்து, நீங்கள் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது வைத்தியர் சொல்லித்தானா, நீங்களாக விட்டதா என்பதையும் யோசியுங்கள். நீங்களாக விட்டிருந்தால் கிளினிக் நாள் வரும்வரை திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். உங்கள் வேலையை ஒரே வேலை என்று பார்ப்பதால்தான் மனேஜரும் அம்மாவும் இரண்டு முனையில் நிற்கிறார்கள். அதற்குள் மூன்று வேலை இருக்கிறது: கதிரையில் இருந்து கோப்புப் பார்ப்பது, வாடிக்கையாளருக்கு ஃபோன் எடுப்பது, வெளியே போய் வருவது. முதல் இரண்டையும் உங்கள் முழங்கால் இப்போது தாங்கும். சிக்கல் இல்லாத ஒப்பரேசன் என்றால் கதிரை வேலைக்கு 2 கிழமையிலேயே திரும்புகிறவர்கள் உண்டு. வீட்டுக்குள் அடைந்து கிடப்பதால் காலுக்கு ஒரு நன்மையும் இல்லை. விறாந்தையில் கட்டிலைப் போட்டு மூன்று மாதம் படுத்திருந்தவர்களின் தொடையைத் திரும்பக் கொண்டுவர நாங்கள் படுகிற பாடு கொஞ்சம் அல்ல. அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவருடைய பயம் நியாயமான பயம். அந்தப் பயத்தை மோட்டார்ச் சைக்கிளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

திங்களில் தொடங்காமல் புதன் அல்லது வியாழனில் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் சனி, ஞாயிறு வந்துவிடும். முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்த இடைவெளி உதவும். முதல் கிழமை அரைநாள். மேசைக்குக் கீழே ஒரு வாங்கோ சின்னக் கதிரையோ வைத்துக் காலை நீட்டி வையுங்கள். 40, 45 நிமிடத்துக்கு ஒருதரம் எழும்பி நாலு அடி நடவுங்கள். கந்தோர் மேல்மாடியில் என்றால் ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு, இறங்கும்போது ஒப்பரேசன் கால் முன்னுக்கு, கைபிடியை விடாமல். மதியம் சாப்பிட்ட பிறகு, பொலித்தீன் பையில் ஐசைப் போட்டுத் துவாயால் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் பின்னேர வீக்கம் நன்றாகக் குறையும்.

போய் வருவதுதான் உங்களுக்குத் தலையிடி. சுன்னாகத்திலிருந்து ரவுணுக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவு. கே.கே.எஸ். வீதி பஸ்ஸில் காலை ஏழரைக்கு ஏறினால் மிதிபலகையில்தான் நிற்க வரும்; அந்த நெரிசலில் பஸ் பிரேக் பிடிக்கும்போது உடம்பு ஒரு பக்கம் திரும்ப, பாதம் நிலத்தில் பதிந்து நிற்கும். முழங்கால் திருகுவதற்கு அது போதும். முதல் இரண்டு கிழமைக்கு ஓட்டோ பிடியுங்கள், அல்லது ரவுணுக்குப் போகிற யாருடைய காரிலாவது சேர்ந்துகொள்ளுங்கள். அரைநாள் வேலை என்றபடியால் ஒன்பதரை மணிக்குப் பிறகு பஸ்ஸும் ஓரளவு காலியாக வரும். ஊன்றுகோல் கையில் இருந்தால் இருக்கை தருவார்கள். தேவை குறைந்த பிறகும் அந்த ஒற்றை ஊன்றுகோலைப் பஸ்ஸுக்கு மட்டும் கொஞ்ச நாள் கொண்டுபோங்கள்.

மோட்டார்ச் சைக்கிளுக்கு வருகிறேன். உங்களுடைய வலது கால். பின் பிரேக் வலது பாதத்தில். கிக் அடிப்பதும் வலது காலால். இதெல்லாம் இரண்டாம் பட்சம். செல்ப் ஸ்டார்ட் இருக்கிறது, முன் பிரேக் இருக்கிறது என்று சொல்வீர்கள். பயப்பட வேண்டியது திட்டமிடாமல் நடக்கிறதற்கு. ஒழுங்கைக்குள் திரும்புகிறீர்கள், ஒரு நாய் பாய்ந்து வருகிறது, அல்லது மாரி மழையில் செம்மண் வழுக்குகிறது. வண்டி வலப்பக்கம் சாய்கிறது. யோசிக்க நேரம் இல்லை, வலது கால் தானாக நிலத்தில் ஊன்றும். பாதம் பதிந்து நிற்க, நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டியும் உங்கள் உடம்பும் முழங்காலுக்கு மேலே திருகும். ஏ.சி.எல். அறுகிற விதம் இதேதான். மைதானத்தில் உங்களுக்கு நடந்ததும் இதேதான். அதுவும் சவ்வு மெலிந்து கிடக்கிற இரண்டாம் மாதத்தில். பின்னால் இருந்து போனாலும் வண்டி சாய்ந்தால் இதே கதை, அதோடு ஓடுகிறவருக்கு இருக்கிற முன்னறிவிப்பும் உங்களுக்கு இருக்காது.

ஆகவே 12 கிழமைக்கு முன் மோட்டார்ச் சைக்கிள் வேண்டாம். அதற்குப் பிறகும் நாளைப் பார்த்து ஏறாதீர்கள், காலைப் பார்த்து ஏறுங்கள். வீக்கம் இல்லை, முழு நிமிர்வு வந்துவிட்டது, ஒற்றைக் காலில் ஆடாமல் அரை நிமிடம் நிற்க முடிகிறது, வலது காலால் ஒரு படியில் மெதுவாக இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சரியவில்லை. இவ்வளவும் சரி, சத்திரசிகிச்சை நிபுணரும் சரி என்றால், முதலில் வளவுக்குள் வண்டியை நிறுத்தி வைத்து ஏறி இறங்குங்கள், ஸ்டாண்ட் போடுங்கள், பிரேக்கை உறுதியாக மிதியுங்கள். பெரிய ஸ்டாண்டில் ஏற்றுவதைத் தவிருங்கள், பக்க ஸ்டாண்ட் போதும். பிறகு ஊருக்குள் கிட்டத் தூரம். தீவகப் பாதையும் வடமராட்சியும் அதற்கும் பிறகு, பெரும்பாலும் நாலாம் மாதத்தில். உங்களுக்கு மெனிஸ்கசும் தைத்திருப்பதால் நான் பிந்திய பக்கமே நிற்பேன். ஸ்கூட்டர் இருந்தால் அதைக் கொஞ்சம் முந்தி யோசிக்கலாம், பிரேக் இரண்டும் கையில் இருக்கிறது. ஆனால் அதுவும் சாயும் என்பதை மறக்கக்கூடாது.

இடது முழங்காலில் ஒப்பரேசன் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் வண்டியில் ஏறுவது இடப்பக்கத்தால். இடது காலில் நின்று வலது காலை மேலால் சுழற்றிப் போடும்போது உடம்பின் முழுப் பாரமும் இடது முழங்காலில் திரும்புகிறது. அவர்களுக்கு ஆபத்து வண்டியை எடுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பாதத்தைத் திருப்பி வைத்து ஏறப் பழக வேண்டும். கார் ஓடுகிறவர்களுக்கு வலது கால் என்றால் 6 கிழமை அளவில், சடுதியாகப் பிரேக்கை மிதிக்க முடிகிறதா என்று நிறுத்திய காரில் பார்த்த பிறகு. இடது கால், ஓட்டோமற்றிக் கியர் கார் என்றால் அதற்கு முந்தியும் முடியும். மூன்று சில்லு ஓட்டோவில் கியரும் கிளச்சும் இடக்கையில், பிரேக் வலது பாதத்தில். இடது முழங்கால் காரருக்கு அது பெரிய தடையில்லை, வலது முழங்கால் காரர் கார்க் கணக்கையே பார்க்கட்டும்.

சைக்கிளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருக்கிறது, இதைவிட நல்ல பயிற்சிக் கருவியும் இல்லை, ஆனால் நிறுத்தி வைத்து மிதித்தால்தான். முழங்கால் ஏறக்குறைய 110 பாகை மடங்கினால் பெடல் முழுச் சுற்று வரும்; அதைவிடக் குறைவென்றால் முன்னும் பின்னுமாக அரைச் சுற்று போதும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருக்கும் அளவுக்குச் சீற்றை உயர்த்துங்கள். எங்கள் ஊரில் சீற்றைப் பதித்து வைத்து ஓடுவது பழக்கம். அது முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தத்தைக் கூட்டும். பயிற்சிச் சைக்கிள் இல்லாவிட்டால் பின் சில்லு நிலத்தில் படாதபடி ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதிக்கலாம். வீதியில் ஓடுவதற்கு மூன்றாம் மாதம் வரட்டும், அதுவும் குறுக்குச் சட்டம் இல்லாத லேடீஸ் சைக்கிளில், ஏறி இறங்கக் காலைச் சுழற்றத் தேவையில்லை.

மனேஜரோடு கதைப்பதற்குத் தேவையானது இது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும். உங்களுடைய 5 கிழமையில் அது முடிந்திருக்கும், அதனால்தான் அவர் அவசரப்படுகிறார். அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். "இலேசான வேலை" என்று ஒரு வரி எழுதிய மெடிக்கல் சான்றிதழ் அவருக்கு உதவாது, உங்களுக்கும் உதவாது. எத்தனை மணித்தியாலம் இருக்கலாம், மோட்டார்ச் சைக்கிள் இல்லை, ஏணி இல்லை, பாரம் தூக்குவது இல்லை, எந்தத் திகதி வரைக்கும், திரும்பப் பார்ப்பது எப்போது என்று விபரமாக எழுதித் தரும்படி வைத்தியரைக் கேளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். வெளிவேலையை இன்னொருவர் பார்க்க, அவருடைய கந்தோர் வேலையையும் ஃபோன் வேலையையும் நீங்கள் எடுத்துக்கொள்வதாக நீங்களே முன்வந்து சொன்னால் பெரும்பாலான மனேஜர்மார் சம்மதிப்பார்கள். அரசாங்க உத்தியோகத்தர் என்றால் அக்ரஹார காப்புறுதியில் எது கிடைக்கும் என்று விசாரிக்கலாம். வேலையின்போதே காயப்பட்டவர்களுக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உங்களுக்கு மைதானத்தில் நடந்தபடியால் அது பொருந்தாது.

வேறு வேலை செய்கிறவர்களும் இதே கேள்வியைக் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களுக்கு 4 முதல் 6 கிழமை, கீழ்மாடி வகுப்பும் ஒரு கதிரையும் கேட்டு வாங்கிக்கொண்டு. நாள் முழுக்க நின்று வியாபாரம் செய்கிறவர்களுக்கு 6 முதல் 8 கிழமை. தோட்டக்காரருக்கு நான் சொல்கிற காலம் அவர்களுக்குப் பிடிக்காது: 4 மாதம் தொடக்கம் 6 மாதம். வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்குவது முழுக்கக் குந்தியிருந்து செய்கிற வேலை, பாத்தி வரம்பும் வாய்க்காலும் சமநிலமில்லை, 16 லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு ஈர மண்ணில் திரும்புவது இந்தச் சவ்வுக்கு ஆகவே ஆகாது. முதலில் திரும்ப வேண்டியது விற்பனை, கணக்கு, மோட்டர் போட்டுத் தண்ணீர் பார்ப்பது, மண்வெட்டி கடைசியில். குருநகரிலும் மயிலிட்டியிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆடுகிற படகும், முழங்கால்த் தண்ணீரில் குதித்துப் படகைத் தள்ளுவதும்தான் பிரச்சினை. 6 மாதத்துக்கு முன் வேண்டாம், கரையில் வலை பார்க்கலாம். மேசன் வேலையும் சாரம் ஏறுவதும் அதே கணக்கு. சீவல் தொழில் செய்கிறவருக்குத்தான் மிகவும் கூடக் காலம் வேண்டும். தளைநாரில் பாதங்களைக் கோர்த்து, முழங்கால் வெளியே அகல, உடம்புப் பாரம் முழுவதையும் அந்த மடிப்பில் தூக்குகிறார்கள். ஒரு விளையாட்டு வீரனைத் திரும்ப மைதானத்தில் இறக்க என்னென்ன சோதிப்போமோ அவ்வளவையும் சோதித்துத்தான் அவரைப் பனையில் ஏற விட வேண்டும், 9 மாதத்துக்குக் குறையாமல். அவ்வளவு காலம் அவருடைய வீட்டில் அடுப்பெரிவது எப்படி என்பது எனக்கும் ஒவ்வொரு முறையும் மனதை அரிக்கிற கேள்வி. ஒப்பரேசனுக்குத் திகதி எடுக்கும் முன்பே குடும்பத்தோடும், தொழிலாளர் சங்கம் இருந்தால் அவர்களோடும் கதைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதைத் தவிர எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. குந்து கக்கூஸ் உங்களுக்கு இப்போது இல்லை. நடுவில் ஓட்டை போட்ட கதிரை ஒன்றை மேலே வைத்தால் போதும். கிணற்றடி எனக்குப் பெரிய பயம். பாசி பிடித்த சீமெந்து, சவர்க்கார நுரை, ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் தேய்க்கிற பழக்கம், மூன்றும் சேர்ந்தால் ஒப்பரேசன் கால் வழுக்க எவ்வளவு நேரம்? தேய்த்துக் கழுவிய தரையில் கதிரை போட்டு இருந்து குளியுங்கள். சப்பாணி கட்டிப் பாயில் இருப்பதும் பிறகுதான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் போகிறவர் என்றால் இந்த முறை வெளிவீதி மணலில் நெரிசலுக்குள் நடப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிரதட்டையை அடுத்த வருடம் பார்க்கலாம்.

சாப்பாட்டில் கிரந்தி என்று சொல்லி மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார்களா? தொடைத் தசை திரும்ப வளர அவைதான் வேண்டும். மீன், முட்டை, பயறு, கடலை, பால், ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று. சிகரெட் இருந்தால் விடுங்கள், சவ்வு ஒட்டுவதை அது பிந்தவைக்கும். முறிவு நெரிவு பார்க்கிறவரிடம் எண்ணெய் போட்டு உருவக் கூட்டிப்போகச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் உள்ளே திருகாணி வைத்துச் சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கிற முழங்காலை யாரும் உருவவோ இழுக்கவோ கூடாது. கெண்டைக்காலில் இரத்தம் கட்டியிருந்தால் உருவுவது உயிருக்கே ஆபத்து. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, அமர்த்தினால் நொந்தால், அல்லது திடீரென்று மூச்சு முட்டினால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சலோடு முழங்கால் சிவந்து வீங்கினாலும், காயத்தால் நீர் வடிந்தாலும் அப்படித்தான்.

இயன்மருத்துவத்துக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஒவ்வொரு முறையும் வர ஏலாவிட்டால், உங்களுக்குக் கிட்ட இருக்கிறது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. அங்கே தொடர முடியுமா என்று கேட்டுக் கடிதம் வாங்குங்கள். கட்டணம் இல்லை, ஆனால் விடாமல் போக வேண்டும். வேலைக்குத் திரும்பியதும் முதலில் விடுபடுவது இந்தப் பயிற்சிதான். காலை வேலைக்குப் போகும் முன் இருபது நிமிடம், இரவு இருபது நிமிடம் என்று வையுங்கள். தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்திருப்பதால், குதிக்காலைப் பின்னால் இழுக்கிற பாரப் பயிற்சியை இயன்மருத்துவர் சொல்லும்வரை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

உதைபந்தாட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். 2016இல் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 9 மாதம் வரைக்கும் விளையாட்டை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டதற்கும் முழங்கால் திரும்பக் காயப்படுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதனால் 9 மாதத்துக்கு முன் பந்தைத் தொட வேண்டாம். அதற்குப் பிறகும் இரண்டு தொடையின் பலத்தையும் ஒற்றைக் கால் பாய்ச்சலையும் அளந்து, ஒப்பரேசன் கால் மற்றக் காலின் 90 வீதத்துக்கு வந்தால்தான்.

அடுத்த கிளினிக்கில் மூன்று கேள்வி கேளுங்கள். மெனிஸ்கசில் எத்தனை தையல், எந்த இடத்தில், அதற்காக மடக்கத்தில் இன்னும் கட்டுப்பாடு இருக்கிறதா? பாரம் முழுதாக வைக்கலாமா? மோட்டார்ச் சைக்கிளுக்குத் திரும்பப் பார்க்கிற திகதி எது? பதில்களைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லி, ஒரு படம் எடுத்து மனேஜருக்கு அனுப்பிவிடுங்கள்; புதன்கிழமை அரைநாள் வேலைக்கு அதோடு போகலாம்.